சுயாதீன இசைத் தயாரிப்பாளர்களும் ஒலிப்பதிவு இதழ்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சினிமாவுக்கு வெளியே இசை செய்பவர்களும், வீட்டிலோ சின்ன ஸ்டூடியோவிலோ அவர்களுக்கு ரெக்கார்டிங் செய்து கொடுப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. உதாரணங்கள் பெரும்பாலும் அமெரிக்கா, பிரிட்டன், ஜமைக்கா, ஜெர்மனி பக்கம் போகும். ஒலிப்பதிவுக்கென்றே இதழ் நடத்தும் பழக்கமும், அந்த இதழ்கள் யாரைப் பேசின, யாரை விட்டுவிட்டன என்ற சண்டையும் அங்கேதான் அதிகம். நம் ஊருக்கு உண்மையிலேயே தொடர்புள்ள இடங்களில் மட்டும் நம் ஊரைச் சொல்லியிருக்கிறேன்.

தயாரிப்பாளர் என்றால் பணம் போடுபவரா?

இங்கே அப்படி இல்லை. ரெக்கார்டிங் நடக்கும்போது கூடவே இருந்து, எந்த டேக்கை வைத்துக்கொள்வது, எந்தக் கருவி எவ்வளவு முன்னால் கேட்க வேண்டும், பாட்டு எங்கே இழுவையாகிறது என்று முடிவெடுப்பவரைத்தான் சொல்கிறேன். நம் சினிமாவில் இந்த வேலையைப் பெரும்பாலும் இசையமைப்பாளரே பார்த்துக்கொள்வதால் இது தனி ஆளின் வேலையாக நமக்குத் தெரிவதில்லை. சின்ன ஸ்டூடியோவில் தயாரிப்பாளர், ஒலிப்பொறியாளர், டீ வாங்கி வருபவர் எல்லாம் ஒரே ஆள்தான்.

ஒலிப்பதிவு இதழ்கள் என்றால் எவை? இசை விமர்சன இதழ்கள் வேறா?

வேறுதான். விமர்சன இதழ் ஆல்பம் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கும். ஒலிப்பதிவு இதழ், டிரம்ஸுக்கு எத்தனை மைக் வைத்தார்கள், எந்த அறையில் வைத்தார்கள், ஏன் அங்கே வைத்தார்கள் என்று கேட்கும்.

அமெரிக்காவில் 1970-ல் 'ரெக்கார்டிங் இன்ஜினியர்/புரொட்யூசர்' வந்தது, 1977-ல் 'மிக்ஸ்' வந்தது. பிரிட்டனில் 1985-ல் தொடங்கிய 'சவுண்ட் ஆன் சவுண்ட்' இன்றும் வந்துகொண்டிருக்கிறது, வீட்டு ஸ்டூடியோக்காரர்கள் அதிகம் படிப்பது அதைத்தான். ஜப்பானில் 'சவுண்ட் அண்ட் ரெக்கார்டிங் மேகசின்' 1981 முதல் வருகிறது. 1996-ல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் தொடங்கிய 'டேப் ஆப்' பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன். இந்தக் கதையில் அதற்குத்தான் பெரிய பங்கு.

சுயாதீன இசைக்காரர்களை இந்த இதழ்கள் ஏன் ரொம்ப நாள் கண்டுகொள்ளவில்லை?

முதல் காரணம் பணம். இப்படிப்பட்ட இதழ் பிழைப்பது மிக்ஸிங் கன்சோல் (பல ஒலிகளைக் கலந்து சமன்செய்யும் மேசை), டேப் மெஷின், மைக் விற்பவர்களின் விளம்பரத்தில். லட்சக்கணக்கான டாலர் போட்டு ஸ்டூடியோ கட்டுபவர்தான் அந்த விளம்பரதாரருக்கு வாடிக்கையாளர். படுக்கையறையில் கேசட் மெஷினில் பதிவு செய்பவர் எதை வாங்கப்போகிறார்?

இரண்டாவது, பெரிய கம்பெனி ஆல்பம் வரும்போது இதழ் அலுவலகத்துக்குப் போன் செய்யவும், புகைப்படம் அனுப்பவும், பேட்டி ஏற்பாடு செய்யவும் ஆள் உண்டு. ஆயிரம் பிரதி போடும் குழுவுக்கு யார் இருக்கிறார்கள்?

மூன்றாவதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். அந்தப் பதிவுகளைச் செய்தவர்களே அதைச் சரியான ஒலிப்பதிவு என்று நினைக்கவில்லை. 1979-ல் டாஸ்காம் நிறுவனத்தின் போர்ட்டாஸ்டூடியோ 144 வந்தது. சாதாரண கேசட்டில் நான்கு தடம் தனித்தனியாகப் பதியலாம். 1982-ல் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் தன் அறையில் அந்தக் கருவியில் மாதிரிக்காகப் பதிந்த பாடல்களே கடைசியில் ஆல்பமாக வந்தன. அவரைப் போன்ற நட்சத்திரம் செய்ததால் அது துணிச்சல் ஆயிற்று. அதையே ஒஹாயோவின் டேட்டன் நகரில் 'கைடட் பை வாய்சஸ்' குழு வருடக்கணக்கில் செய்துகொண்டிருந்தது. அப்போது அதற்குக் கிடைத்த பெயர் 'வசதி இல்லை' என்பதுதான்.

டேப் ஆப் வந்து என்ன மாற்றியது?

கேள்வியை மாற்றியது. லாரி கிரேன் என்பவர் தனக்குப் பிடித்த ஆல்பங்கள் எப்படிப் பதிவாயின என்று படிக்க ஆசைப்பட்டார், படிக்க எதுவும் கிடைக்கவில்லை. அதனால் ஜெராக்ஸ் எடுத்த தாள்களை மடித்து இதழாக்கி, 1996-ல் தானே தொடங்கினார். அடுத்த வருடம் போர்ட்லண்டில் 'ஜாக்பாட்' என்ற ஸ்டூடியோவைத் திறந்தார். பாடகர் எலியட் ஸ்மித் அதைக் கட்டி முடிக்கக் கூடவே நின்று உதவியவர். பிறகு சாக்ரமெண்டோவில் ஸ்டூடியோ வைத்திருந்த ஜான் பாச்சிகலூப்பி பதிப்பாளராகச் சேர்ந்தார். ஆக, இதழை நடத்திய இருவருமே பகலில் ரெக்கார்டிங் செய்து பிழைத்தவர்கள். வாடகை கட்டத் தெரிந்தவர்கள், அறையில் எதிரொலி வந்தால் போர்வை தொங்கவிடத் தெரிந்தவர்கள்.

பேட்டி எடுப்பவரும் பெரும்பாலும் அதே தொழில்காரர். நிர்வாணா போன்ற ராக் குழுக்களுக்குப் பதிவு செய்த ஸ்டீவ் ஆல்பினியிடம் பத்திரிகையாளர் ஒருவர் பேட்டி எடுத்தால் நட்சத்திரங்களைப் பற்றிக் கேட்பார். இன்னொரு ஒலிப்பொறியாளர் கேட்டால், பாடகர் அழுதுகொண்டே வெளியே போனபோது என்ன செய்தீர்கள், அன்றைய வாடகையை வாங்கினீர்களா என்று கேட்பார். இரண்டாவது பேட்டிதான் படிக்கிறவருக்கு உதவும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நட்சத்திரங்களை அது ஒதுக்கவில்லை. பெரிய ஆல்பங்கள் செய்தவர்களும் அதில் வந்தார்கள். ஆனால் கோடிக்கணக்கில் விற்ற ஆளுக்கும், முன்னூறு கேசட் போட்ட ஆளுக்கும் ஒரே வகைக் கேள்விகள், ஏறக்குறைய ஒரே அளவு பக்கங்கள். அங்கீகாரம் என்று நான் சொல்வது இதைத்தான். அமெரிக்காவில் சந்தாவும் நெடுங்காலமாக இலவசம், செலவை விளம்பரம் பார்த்துக்கொள்கிறது. அதில் வரும் சிக்கலுக்குக் கீழே வருகிறேன்.

அட்டையில் பெயர் வந்தால் போதாதா? இதழில் எதற்கு வர வேண்டும்?

சில சமயம் அட்டையே போதும். அமெரிக்க ராக் குழுவான நிர்வாணாவின் முதல் ஆல்பம் 1989-ல் வந்தது. சியாட்டிலில் ரெசிப்ரொக்கல் ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் ஜாக் எண்டினோ 600 டாலருக்குப் பதிவு செய்தது என்று அட்டையிலேயே அச்சிட்டிருந்தார்கள். (சரியான கணக்கு 606 டாலர் 17 சென்ட்.) கையில் அறுநூறு டாலர் வைத்திருந்த எந்தக் குழுவுக்கும் யாரைத் தேடிப் போவது என்று அந்த ஒரு வரி சொல்லிவிட்டது. இதைவிட நல்ல விசிட்டிங் கார்டு இருக்க முடியாது.

ஆனால் எல்லா அட்டையும் இப்படிப் பேசாது. 'ஒலிப்பதிவு: இன்னார்' என்ற வரி, அந்த ஆள் செய்தது என்ன என்பதைச் சொல்லாது. ஜெர்மனியின் கோனி பிளாங்க் (1940–1987) இதற்கு நல்ல உதாரணம். கொலோன் நகருக்குப் பக்கத்தில் வோல்பெராத் கிராமத்தில் ஒரு பண்ணை வீட்டில் ஸ்டூடியோ வைத்திருந்தார். கிராஃப்ட்வெர்க், நொய், கிளஸ்டர் என்று அந்தக் காலத்து ஜெர்மன் இசையில் பாதியைத் தொட்டவர். 1973-ல் நொய் குழு இரண்டாவது ஆல்பத்தின் நடுவில் காசு தீர்ந்துபோய் நின்றது. ஏற்கெனவே வெளியிட்ட சின்ன இசைத்தட்டின் இரண்டு பாட்டுகளை வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டி, அதையே இரண்டாம் பக்கத்தில் நிரப்பினார்கள். அன்று கேட்டவர்கள் ஏமாற்றுவேலை என்றார்கள், பிற்காலத்தில் அதையே ரீமிக்ஸுக்கு முன்னோடி என்று சொன்னார்கள். அந்த அறையில் யார் என்ன சொன்னார்கள், டேப்பை எப்படி ஓட்டினார்கள் என்பதெல்லாம் அட்டையில் வராது. கேட்டு எழுத ஒருவர் வேண்டும்.

ஸ்டீவ் ஆல்பினி 'தயாரிப்பாளர்' என்று தன்னைப் போடவே கூடாது என்றாராமே?

ஆமாம். பல ஆல்பங்களில் 'பதிவு செய்தவர்' என்று மட்டும்தான் இருக்கும். சிலவற்றில் பெயரே இருக்காது. குழு எப்படி ஒலிக்க வேண்டும் என்று முடிவு செய்வது குழுவின் வேலை, தன் வேலை அதைச் சரியாகப் பிடித்துக் கொடுப்பது மட்டும் என்பது அவர் கட்சி.

பணத்திலும் அதே கட்சிதான். 1993-ல் வெளிவந்த நிர்வாணா ஆல்பத்துக்கு முன்னால் அவர் குழுவுக்கு எழுதிய கடிதம் பிரபலமானது. விற்பனையில் பங்கு வேண்டாம், பிளம்பருக்குக் கொடுப்பதுபோல வேலைக்குக் கூலி கொடுங்கள், அது போதும் என்று எழுதியிருந்தார். கூலி ஒரு லட்சம் டாலர். சின்னத் தொகை இல்லைதான், ஆனால் பங்கு வாங்கியிருந்தால் வந்திருக்கக்கூடிய பணத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. பதிவு மினசோட்டாவில் ஊர்ப்புறத்து ஸ்டூடியோ ஒன்றில் இரண்டு வாரத்துக்குள் முடிந்தது. பிறகு கம்பெனிக்கு ஒலி பிடிக்கவில்லை என்று செய்தி பரவி, சில பாடல்களை வேறொருவர் மறுபடி மிக்ஸ் செய்து, பத்திரிகைகளில் எல்லாம் அது சண்டையானது.

1997-ல் சிகாகோவில் 'எலக்ட்ரிக்கல் ஆடியோ' ஸ்டூடியோவைத் திறந்தார். பெயர் தெரியாத குழுக்களுக்கு நாள் வாடகைக்கு வேலை செய்துகொண்டே இருந்தார். 2024 மே 7-ல் 61 வயதில் இறந்தார்.

வேடிக்கை என்னவென்றால், பட்டம் வேண்டாம் என்றவரின் பெயர்தான் சுயாதீன இசையில் எல்லோருக்கும் தெரிந்த தயாரிப்பாளர் பெயராக நின்றது. அதற்கு ஒரு காரணம், ஒலிப்பதிவு இதழ்கள் கேட்டபோதெல்லாம் அவர் ஒளிக்காமல் சொன்னது. எந்த மைக், எங்கே, எவ்வளவு தூரம், ஏன் என்று எல்லாம். தொழில் ரகசியம் என்று பூட்டி வைப்பவர்களைவிட இப்படித் திறந்து சொன்னவர்களைத் தேடித்தான் வேலை வந்தது. எனக்குத் தெரிந்த வரை இதில் விதிவிலக்கு குறைவு.

ஆனால் அவர் வழியை எல்லோரும் பின்பற்ற வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பெயர் போட வேண்டாம் என்று சொல்ல ஏற்கெனவே கொஞ்சம் பெயர் இருக்க வேண்டும். புதிதாக வருபவர், அட்டையில் பெயர் வேண்டும் என்று முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

ஜமைக்கா தயாரிப்பாளர்களை இந்த இதழ்கள் எப்படி நடத்தின?

அவர்கள் வேலை செய்த காலத்தில் ஏறக்குறைய பேசவே இல்லை. இந்த இதழ்களின் வரலாற்றில் எனக்கு மிகவும் உறுத்தும் இடம் இதுதான்.

கிங் டப்பி என்று அழைக்கப்பட்ட ஆஸ்போர்ன் ருடக், கிங்ஸ்டனில் ரேடியோவும் டிரான்ஸ்பார்மரும் பழுதுபார்த்தவர். வாட்டர்ஹவுஸ் பகுதியில் வீட்டிலேயே சின்ன ஸ்டூடியோ. டைனமிக் சவுண்ட்ஸ் ஸ்டூடியோ கழித்துக்கட்டிய பழைய எம்சிஐ கன்சோலை வாங்கி வந்தார். அதில் தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டும் ஃபில்டர் ஒன்று இருந்தது. அதன் பெரிய குமிழைப் பாட்டு ஓட ஓடத் திருகினார். பாடகரின் குரலை நடுவில் வெட்டி எதிரொலியில் கரைய விட்டார். டிரம்ஸும் பேஸும் மட்டும் மிஞ்சின. டப் என்று நாம் சொல்வது பெருமளவு இப்படித்தான் உருவானது. கன்சோலையே வாத்தியமாக வாசித்தவர் அவர். இன்று எலக்ட்ரானிக் இசை செய்யும் யாரும் அவருக்குக் கடன்பட்டவரே. 1989 பிப்ரவரியில் அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஃபில்டரைப் பற்றியும் குமிழைப் பற்றியும் விரிவான கட்டுரைகள் அதற்கப்புறம்தான் குவிந்தன. அவரிடமே உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை, கூட வேலை செய்தவர்களிடம் கேட்டு எழுதினார்கள்.

லீ 'ஸ்கிராட்ச்' பெர்ரி 1973-ல் தன் வீட்டுக் கொல்லையில் 'பிளாக் ஆர்க்' ஸ்டூடியோவைக் கட்டினார். கையில் இருந்தது நான்கு தட டேப் மெஷின் ஒன்று, டேப் எதிரொலிக் கருவி ஒன்று, ஒலியைச் சுழல்வதுபோலக் கேட்கவைக்கும் ஃபேசர் ஒன்று. நான்கு தடமும் நிரம்பியதும் அவற்றை ஒன்றாகக் கலந்து இறக்கி, காலியான தடத்தில் அடுத்ததைப் பதிவார். ஒவ்வொரு முறை இறக்கும்போதும் இரைச்சல் ஏறும், அதையும் ஒலியின் ஒரு பகுதியாக வைத்துக்கொண்டார். 70களின் கடைசியில் அந்த ஸ்டூடியோ எரிந்துபோனது. பெர்ரிக்குக் கிராமி கிடைத்தது 2003-ல், அவரே பாடிய ஒரு புதிய ரெக்கே ஆல்பத்துக்காக. பிளாக் ஆர்க்கில் மற்றவர்களுக்காகச் செய்த வேலைக்கு அல்ல.

அப்படியானால் கிராமி மாதிரி விருதுகள் அங்கீகாரம் இல்லையா?

அங்கீகாரம்தான், ஆனால் வலை பெரிய கண்ணுள்ள வலை. ஆண்டின் சிறந்த தயாரிப்பாளருக்கான கிராமி முதலில் 1975 விழாவில் தாம் பெல்லுக்குக் கொடுக்கப்பட்டது. அதன் பிறகு வந்த பட்டியலைப் பார்த்தால் பெரும்பாலும் அந்தந்த வருடத்து ஹிட் பட்டியலின் நிழல்தான். வாக்களிப்பவர்கள் கேட்டிராத ஆல்பத்துக்கு எப்படி வாக்களிப்பார்கள்?

விளிம்பில் இருந்தவர் உள்ளே போன ஒரு சந்து, செவ்வியல் பிரிவு. மான்ஃப்ரெட் ஐகர் 1969-ல் மியூனிக்கில் ஈசிஎம் நிறுவனத்தைத் தொடங்கி, ஜாஸுக்கும் செவ்வியலுக்கும் நடுவில் பெயர் வைக்க முடியாத இசையை வெளியிட்டுக்கொண்டே இருந்தார். 2002-ல் அவருக்கு அந்தப் பிரிவில் ஆண்டின் தயாரிப்பாளர் விருது கிடைத்தது. நம் பக்கத் தொடர்பும் உண்டு. வயலின் எல். சங்கர், மிருதங்கம் உமையாள்புரம் சிவராமன், தபலா ஜாகிர் உசேன் மூவரும் சேர்ந்து வாசித்த ஆல்பம் 80களின் தொடக்கத்தில் ஈசிஎம்மில்தான் வந்தது.

இதழ்களும் விருது கொடுத்திருக்கின்றன. 'மிக்ஸ்' தொடங்கிய டெக் விருதுகள் 1985 முதல் இருக்கின்றன. கருவிகளுக்கும் ஆட்களுக்கும் சேர்த்துக் கொடுப்பார்கள். சுயாதீன ஆட்களுக்கு அதிலும் இடம் சொற்பம்.

தயாரிப்பாளராக இருப்பவர் கம்பெனியையும் நடத்தினால் பெயர் தானாக வந்துவிடுமா?

பெயர் நிற்க வாய்ப்பு அதிகம். ஐகர் ஒரு உதாரணம். இன்னொருவர் நியூயார்க்கின் மோ ஆஷ். மரியன் டிஸ்ட்லருடன் சேர்ந்து 1948-ல் ஃபோக்வேஸ் நிறுவனத்தைத் தொடங்கி, 1986-ல் இறக்கும் வரை இரண்டாயிரத்துக்கும் அதிகமான ஆல்பங்களை வெளியிட்டார். நாட்டுப்பாடல், தவளைச் சத்தம், ரயில் சத்தம், உலகின் மூலைமுடுக்குச் சடங்கு இசை எல்லாம் அதில் உண்டு. விற்காத ஆல்பத்தைக்கூடப் பட்டியலிலிருந்து எடுக்க மாட்டார். 1987-ல் ஸ்மித்சோனியன் நிறுவனம் வாங்கியபோதும் எல்லா ஆல்பங்களும் தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

பெண் தயாரிப்பாளர்கள்?

கணக்கு மோசம். கிராமியில் செவ்வியல் அல்லாத பிரிவில் ஆண்டின் தயாரிப்பாளர் விருதைத் தனியாக எந்தப் பெண்ணும் இதுவரை வாங்கியதில்லை. செவ்வியல் பிரிவில் ஜூடித் ஷெர்மன் பல முறை வாங்கியிருக்கிறார். ஒலிப்பொறியாளருக்கான கிராமியைச் செவ்வியல் அல்லாத பிரிவில் முதலில் வாங்கிய பெண் ட்ரினா ஷூமேக்கர், 1999 விழாவில்.

பெயரே போடாமல் விட்ட கதைகளில் என்னால் மறக்க முடியாதது டெலியா டெர்பிஷையருடையது. 1963-ல் பிபிசியின் ஒலி விளைவுகள் செய்யும் பிரிவான ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப்பில் 'டாக்டர் ஹூ' தொடரின் தலைப்பு இசையைச் செய்தவர். சிந்தசைசர் கைக்கு வராத காலம். மின்சாரத்தில் ஒலி எழுப்பும் ஆசிலேட்டரின் ஒலியையும் இழுத்து மீட்டிய கம்பியின் ஒலியையும் டேப்பில் பிடித்து, ஒவ்வொரு ஸ்வரத்தையும் வெட்டி ஒட்டித்தான் அந்த இசை உருவானது. மெட்டை எழுதிய ரான் கிரைனர் அதைக் கேட்டு அசந்துபோய், இணை இசையமைப்பாளர் என்று அவர் பெயரைச் சேர்க்க முயன்றார். ஒர்க்‌ஷாப் ஊழியர்களின் பெயரை வெளியிடுவதில்லை என்பது பிபிசியின் வழக்கம், நடக்கவில்லை. தொடரின் திரையில் அவர் பெயர் வந்தது 2013-ல், ஐம்பதாம் ஆண்டுச் சிறப்பு நிகழ்ச்சியில். அவர் 2001-லேயே இறந்துவிட்டார்.

ஒலிப்பதிவு இதழ்களும் இதில் சுத்தம் இல்லை. பழைய இதழ்களின் அட்டைகளை வரிசையாகப் பார்த்தால், கன்சோல் முன்னால் கை கட்டி நிற்கும் ஆண்கள்தான். சமீப வருடங்களில் மாறி வருகிறது.

விளம்பரத்தில் பிழைக்கும் இதழை எவ்வளவு நம்பலாம்?

கருவி விமர்சனங்களைப் பாதி நம்புங்கள். 'இந்தக் கருவி மோசம்' என்று எந்த இதழும் லேசில் எழுதாது. 'எல்லோருக்கும் பொருந்தாது', 'இந்த விலைக்குப் பரவாயில்லை' என்றெல்லாம் வந்தால் அங்கே கொஞ்சம் நின்று படிக்க வேண்டும்.

பேட்டிகள் வேறு. அங்கே உள்ள கோளாறு, பேச்சு எப்போதும் கருவிப் பக்கமே சாய்வது. படித்து முடித்ததும் அந்த மைக்கை வாங்கினால் நமக்கும் அந்த ஒலி வந்துவிடும் என்று தோன்றும். வராது. பேட்டியில் அந்த ஆள் எதை வேண்டாம் என்று விட்டார் என்று சொல்லும் இடங்களைத் தேடிப் படியுங்கள்.

வாசகர்கள் அனுப்பிய பதிவுகளை இதழ்கள் கேட்டு எழுதினதுண்டா?

உண்டு. அமெரிக்காவின் 'ரெக்கார்டிங்' இதழில் 'ரீடர்ஸ் டேப்ஸ்' என்று ஒரு பகுதி. வாசகர் தன் வீட்டுப் பதிவை அனுப்புவார். என்ன கருவிகள், எப்படிச் செய்தார் என்ற விவரத்தோடு, எது நன்றாக இருக்கிறது, எதைத் திருத்தலாம் என்று அச்சில் வரும். யாருக்கும் தெரியாத ஒருவரின் பதிவை ஒரு தொழில்காரர் முழுதாகக் கேட்டுப் பதில் எழுதுவது சாதாரண விஷயம் இல்லை. இன்று நூறு லைக் வாங்குவதைவிட அந்த அரைப் பக்கம் மேல் என்பேன். 'சவுண்ட் ஆன் சவுண்ட்' இதழும் வாசகரின் மிக்ஸை வாங்கிச் சரிசெய்து காட்டும் தொடரை நடத்தியிருக்கிறது.

என் வேலையைப் பற்றி இதழில் வர வேண்டும். எப்படி அணுகுவது?

'நான் சென்னையில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன், என்னைப் பேட்டி எடுங்கள்' என்று எழுதினால் பதில் வராது. ஆசிரியருக்குத் தெரியாத ஒரு சிக்கலையும் அதை நீங்கள் தீர்த்த விதத்தையும் எழுதுங்கள்.

உதாரணத்துக்குத் தவில். வலந்தலையில் கூடு மாட்டிய விரல்கள், தொப்பியில் கழி. இரண்டு பக்கமும் இரண்டு விதமான ஓசை, இரண்டுமே கோயில் பிராகாரத்துக்கும் வீதிக்கும் பழகிய சத்தம். பக்கத்தில் நாதஸ்வரம் வேறு. இதை மெத்தை ஒட்டிய பத்துக்குப் பத்து அறையில் பதிய வேண்டும் என்றால் என்ன செய்வீர்கள்? மைக்கை எவ்வளவு தள்ளி வைப்பீர்கள், இருவரையும் ஒன்றாக வாசிக்க விடுவீர்களா, வெளியே மண்டபத்துக்குப் போய்விடுவீர்களா? டிரம்ஸ் பதிவைப் பற்றி ஆயிரம் கட்டுரை படித்த ஆசிரியருக்கு இது புதிது. பறைக்கும் இதே கதைதான். தோலைத் தீயில் காய்ச்சி சுருதி ஏற்றுகிறோம், அரை மணியில் அது இறங்கிவிடுகிறது, அதற்குள் டேக் முடிய வேண்டும் என்று எழுதினால் மேலே கேட்பார்கள்.

கருவிப் பட்டியல் அனுப்பாதீர்கள். இரண்டு பாட்டு போதும், அதில் ஒன்று மிக்ஸுக்கு முந்தையதாக இருந்தால் இன்னும் நல்லது. முடிந்தால் உங்களைப் பற்றி நீங்களே எழுதாமல், இன்னொரு ஒலிப்பொறியாளரை விட்டுப் பேட்டி எடுக்கச் சொல்லுங்கள். தொழில்காரர் தொழில்காரரைக் கேட்பது அந்த இதழ்களுக்குப் பழகிய வடிவம். அப்புறம், வாசித்தவர்கள் பெயரை ஒன்று விடாமல் கொடுங்கள். உங்களுக்கு அங்கீகாரம் கேட்கும் கடிதத்தில் தவில்காரர் 'உள்ளூர்க் கலைஞர்' என்று மட்டும் இருந்தால் அது நியாயமில்லை.

ஸ்ட்ரீமிங்கில் அட்டையே இல்லையே. பெயர் எங்கே போகும்?

ரொம்ப நாள் எங்கேயும் போகவில்லை. ஸ்பாட்டிஃபை எழுதியவர், தயாரித்தவர் பெயர்களைக் காட்டத் தொடங்கியது 2018 பிப்ரவரியில். அதுவும் பாட்டை ஏற்றுபவர் கொடுத்தால்தான் வரும். ஐஎஸ்ஆர்சி எண் வாங்கிவிட்டோம், போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பன்னிரண்டு எழுத்துக் குறியீடு பதிவை அடையாளம் காட்டுமே தவிர, தயாரித்தவர் பெயர் அதற்குள் இல்லை. பாட்டை ஏற்றும் படிவத்தில் தயாரிப்பாளர், ஒலிப்பொறியாளர், மிக்ஸிங், மாஸ்டரிங் என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். சோம்பல்படாமல் நிரப்பச் சொல்லுங்கள்.

டிஸ்காக்ஸ் தளத்தையும் மறக்க வேண்டாம். 2000-ல் எலக்ட்ரானிக் இசைத்தட்டுகளைப் பட்டியலிடத் தொடங்கியது, இன்று எல்லா வகை இசையும் இருக்கிறது. முன்னூறு பிரதி போட்ட கேசட்டுக்கும் அட்டையில் உள்ள ஒவ்வொரு பெயரையும் ஏற்றலாம். குழுக்கள் ஆள் தேடும்போது அங்கே வந்து பார்க்கிறார்கள்.

தமிழ்நாட்டில் ஒலிப்பொறியாளர் பெயர் எப்போது வெளியே தெரிந்தது?

சினிமாவில் தேசிய விருது வழியாகத் தெரிந்தது. எச். ஸ்ரீதர் நான்கு முறை அந்த விருதை வாங்கியவர், 2008-ல் இறந்தார். ஏ.ஆர். ரஹ்மானின் கேசட், சிடி அட்டைகளில் வாசித்தவர்கள் பெயரும் ஒலிப்பொறியாளர் பெயரும் அச்சானதும் பெரிய மாற்றம். எங்கள் தலைமுறையில் பலர் 'மிக்ஸிங்' என்று ஒரு வேலை இருப்பதையே அந்த அட்டைகளில்தான் தெரிந்துகொண்டோம். சினிமாவுக்கு வெளியே கச்சேரிப் பதிவு, பக்திப் பாடல், நாட்டுப்புறக் கேசட் செய்தவர்கள் விஷயம் அப்படி இல்லை. கம்பெனி பெயர் இருக்கும், பதிந்தவர் பெயர் இருக்காது. அந்த ஆட்களில் பலர் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். இந்தப் பக்கத்தைப் படிக்கும் யாராவது ஒரு ரெக்கார்டருடன் போய் உட்கார்ந்தால் நன்றாக இருக்கும்.

பழைய ஒலிப்பதிவு இதழ்களை எங்கே படிக்கலாம்?

'சவுண்ட் ஆன் சவுண்ட்' தன் பழைய கட்டுரைகளில் பெரும்பகுதியை அதன் தளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. 'ரெக்கார்டிங் இன்ஜினியர்/புரொட்யூசர்', 'ஸ்டூடியோ சவுண்ட்' போன்றவற்றின் ஸ்கேன்கள் 'வேர்ல்ட் ரேடியோ ஹிஸ்டரி' தளத்தில் கிடைக்கும். 80களின் பிரிட்டிஷ் இதழ்களுக்கு 'மியூசீன்ஸ்' தளம். 'டேப் ஆப்' பேட்டிகள் அதன் தளத்திலேயே இருக்கின்றன, இரண்டு தொகுப்பு நூல்களும் வந்துள்ளன. ஸ்கேன்களைப் பார்க்கும்போது விளம்பரப் பக்கங்களைத் தாண்டிப் போகாதீர்கள். ஒரு எதிரொலிக் கருவிக்கு அன்று என்ன விலை என்று தெரிந்தால்தான், யாரிடம் அது இருந்தது, யார் அது இல்லாமல் சமாளித்தார்கள் என்று புரியும்.